ஃபேண்டஸி ஃபுட்பாலில் முதல் பிக் கிடைத்தால் ரன்னிங் பேக்கை எடுக்கலாமா?

எடுக்கலாம். 2024இல் நானும் எடுத்தேன். 12 பேர் லீக்கில் பன்னிரண்டாவதாக வந்தேன். அப்படியும் எடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வியைப் பார்த்தாலே நிலைமை புரிகிறது. ஆபீஸ் லீக், சீட்டுக் குலுக்கியதில் முதல் இடம் உங்களுக்கு விழுந்திருக்கிறது, அன்றிலிருந்து காபி மெஷின் பக்கம் போனால் யாராவது ஒருத்தர் "ரன்னிங் பேக் எடுக்காதே, அடிபட்டு உட்கார்ந்துவிடுவான், ரிசீவர் எடு" என்று இலவச ஆலோசனை தருகிறார். நீங்கள் இந்த ஆட்டத்துக்குப் புதிது என்பதும் என் யூகம். பழையவர்கள் இந்தக் கேள்வியைத் தமிழில் வந்து கேட்க மாட்டார்கள். யூகம் தப்பென்றால் மன்னித்துவிடுங்கள்.

வழிதவறி இங்கே வந்தவர்களுக்கு இரண்டு வரி. இது முட்டை வடிவப் பந்து வைத்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால். நிஜ வீரர்களை நம் பெயரில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கு நாம் புள்ளி வாங்குவதுதான் ஃபேண்டஸி, வாரம் ஒருத்தரோடு மோதல். ட்ரீம் லெவனில் ஊரே விராட் கோலியை எடுத்துக்கொண்டது, இங்கே அது நடக்காது. ஒரு வீரர் ஒரு லீக்கில் ஒருத்தருக்குத்தான். அதனால்தான் வரிசை முறையில் ஆளுக்கு ஒருவராக எடுக்கும் டிராஃப்ட் நடக்கிறது, அதில் ஒவ்வொரு முறையும் ஒரு பிக். பாம்பு வளைவது போல வரிசை திரும்பும், 12 பேர் லீக்கில் முதலில் எடுத்தவருக்கு அடுத்த முறை 24, 25 இரண்டும் சேர்ந்து வரும். நடுவில் 22 வீரர்கள் கண்ணெதிரே போய்விடுவார்கள். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி ஓடுகிறவர் ரன்னிங் பேக், தூரத்தில் ஓடிப்போய்ப் பிடிக்கிறவர் ரிசீவர். 10 யார்டுக்கு ஒரு புள்ளி, பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு 6, பிடிக்கும் பந்துக்கு லீக்கைப் பொறுத்து அரையோ ஒன்றோ.

சரி, என் கதை. நான் வட கரோலினாவில் ஷார்லட்டில் இருக்கிறேன், ஒரு வங்கிக்கு மென்பொருள் வேலை. 2018இல் இங்கே வந்தபோது இந்த ஊர் பேந்தர்ஸ் அணியில் கிறிஸ்டியன் மக்காஃப்ரி ஆடிக்கொண்டிருந்தார். 2019இல் அவர் ஓடி எடுத்தது 1,387 யார்டு, பிடித்து எடுத்தது 1,005. இரண்டிலும் ஆயிரத்தைத் தாண்டியவர்கள் அவருக்கு முன்னால் நிஜ லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றிலேயே இரண்டு பேர்தான். அப்டவுன் ஸ்டேடியத்தில் அவரைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டமே புரிந்தது. 22ஆம் நம்பர் ஜெர்சி வாங்கினேன், என் மனைவி அந்த விலையை இன்னும் மறக்கவில்லை. 2022 அக்டோபரில் புது வீரர்களை எடுக்கும் நான்கு டிராஃப்ட் பிக்குகளை வாங்கிக்கொண்டு அவரை சான் பிரான்சிஸ்கோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில் அன்று துக்க வீடு மாதிரி இருந்தது. 2023இல் அவர் அங்கே போய் ஓட்டம், பிடிப்பு சேர்த்து 2,023 யார்டு, 21 டச்டவுன்.

எனவே 2024 ஆகஸ்டில் சீட்டில் எனக்கு முதல் இடம் வந்தபோது யோசிக்கவே இல்லை. உலகமே அவரைத்தான் முதலில் எடுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், "கண்மூடித்தனமாக எடுத்தாய்" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். ஆனால் கண்ணை மூடிய இடம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அவருக்குக் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு என்று செய்தி வந்தது. படித்தேன். படித்துவிட்டு மூடினேன். நமக்குப் பிடித்தவரைப் பற்றிய கெட்ட செய்தியை அப்படித்தானே படிப்போம்?

ஹேண்ட்கஃப் என்று ஒன்று சொல்வார்கள், உங்கள் ரன்னிங் பேக்குக்கு அடிபட்டால் அதே அணியில் அவர் இடத்துக்கு வருகிறவரையும் முன்கூட்டியே எடுத்து பெஞ்சில் வைத்துக்கொள்வது. அதையும் செய்தேன். கடைசிச் சுற்றுகளில் எலைஜா மிட்செலை எடுத்தேன். மூன்று நாளில் அவருக்கு சீசனே முடிந்தது என்று அறிவித்தார்கள். உடனே நான் செய்திருக்க வேண்டியது, அடுத்து யார் என்று பார்த்து ஜோர்டன் மேசனை எடுப்பது. மேசன் வேவரில், அதாவது யாரும் எடுக்காதவர்கள் பட்டியலில், சும்மா கிடந்தார், காலணா செலவில்லை. நான் மிட்செலைத் தூக்கிவிட்டு இரண்டாவதாக ஒரு டைட் எண்ட் (தடுப்பதும் பிடிப்பதுமாக இருப்பவர், ஒருத்தரே போதும்) எடுத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. மேசனை மறுநாள் எங்கள் லீக்கை நடத்தும் கமிஷனர் எடுத்துக்கொண்டார்.

முதல் வார ஆட்டம் செப்டம்பர் 9, திங்கள் இரவு, எதிரே நியூயார்க் ஜெட்ஸ். ஆடுவார் என்றுதான் அதுவரை எல்லாச் செய்தியும். அன்று சாயங்காலம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், 485 நெடுஞ்சாலையில் வண்டி நகராமல் நிற்கும்போது, போன் நிறுத்தாமல் அதிர்ந்தது. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ஆடாதவர்கள் பட்டியல் வரும், அதில் அவர் பெயர்.

"யாருக்கு என்னப்பா ஆச்சு, முகமே மாறிப்போச்சு?" என்று அம்மா.

"ஒருத்தருக்குக் கால்ல அடிம்மா."

"நம்ம ஊர்க்காரங்களா?"

"முன்னாடி இந்த ஊர்ல இருந்தவர்."

அதற்குப் பிறகு அக்டோபரில் விருதுநகருக்கு விமானம் ஏறும் வரை அம்மா வாரம் ஒருமுறையாவது "அந்தத் தம்பிக்குக் கால் தேவலையா?" என்று கேட்டார். நான் பாதிச் செய்தி சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதற்கு மேல் எப்படி விளக்குவது.

அன்று இரவு மேசன் 147 யார்டு ஓடினார். ஞாயிறு ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டதால் மக்காஃப்ரிக்குப் பதில் போட என் பெஞ்சில் ஆளே இல்லை, அந்த இடத்தில் பூஜ்யம். தான் ஆடப்போவது வெள்ளிக்கிழமையே தெரியும் என்று ஆட்டம் முடிந்ததும் மேசன் சிரித்துக்கொண்டே சொன்னார் பாருங்கள், நாடு முழுக்க என்னைப் போல் லட்சக்கணக்கானவர்கள் வயிறெரிந்த நேரம் அது. முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றில் அவர் 100 யார்டைத் தொட்டார். எல்லாம் கமிஷனர் கணக்கில்.

மற்றவர்கள் கதையைச் சீக்கிரம் முடிக்கிறேன். 24ஆவதாக எடுத்த கான்சஸ் சிட்டி ரன்னிங் பேக் பசெக்கோவுக்கு இரண்டாவது வாரமே காலெலும்பு முறிந்தது. 25ஆவதாக எடுத்த சான் பிரான்சிஸ்கோ ரிசீவர் அயூக்குக்கு அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், அயூக் ரிசீவர். ரிசீவருக்கும் முழங்கால் உண்டு.

மக்காஃப்ரி நவம்பர் 10 அன்று திரும்பி வந்தார். அதற்குள் எனக்கு 2 வெற்றி, 7 தோல்வி. இருந்தாலும் கணக்குப்படி வாய்ப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. டிசம்பர் 1, ஞாயிறு இரவு, பஃபலோவில் கொட்டும் பனியில் ஆட்டம். நன்றாகத்தான் ஓடினார், அந்த வருடத்திலேயே அன்றுதான் பழைய மனிதரைப் பார்த்த மாதிரி இருந்தது. பாதி ஆட்டம் முடிவதற்குள் முழங்கால் போய்விட்டது. மொத்தம் நான்கு ஆட்டம். முந்தைய வருடம் 21 டச்டவுன், அந்த வருடம் ஒன்றுகூட இல்லை.

அந்த ஆட்டத்தை நான் முழுசாகக்கூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது தேங்க்ஸ்கிவிங் வாரம், நான் ஆன்கால், அதாவது விடுமுறையிலும் சர்வரில் பிரச்சினை என்றால் போனை எடுக்க வேண்டிய ஆள். இதை இங்கே சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் டீமில் ஆறு வருடத்தில் நான்கு தேங்க்ஸ்கிவிங் ஆன்கால் எனக்கு வந்திருக்கிறது. "உங்களுக்கு இது பண்டிகை இல்லையே" என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். நியாயம்தான் போல என்று நானும் தலையாட்டினேன். சரி, அப்படியானால் தீபாவளிக்கு எனக்குப் பதில் யாராவது போனை வைத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? 2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. என் சொந்த லீவில் ஒரு நாள் எடுத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்துக் குளித்து உட்கார்ந்தால் பத்து மணிக்கு "ஒரு சின்ன சந்தேகம்" என்று மெசேஜ். நாலு நாள் விடுமுறையில் எல்லோரும் வான்கோழி சாப்பிட்டுத் தூங்கும்போது சர்வர் லாக் பார்ப்பது யார் என்று நம்மவர்கள் வேலை செய்யும் எந்த ஆபீஸிலும் போய்க் கேட்டுப் பாருங்கள். இதை எழுதினால் "பிடிக்கவில்லையென்றால் ஊருக்குப் போ" என்று ஒருத்தர் வருவார். வரட்டும். அன்று ராத்திரி ஒரு கண் லேப்டாப்பில், ஒரு கண் டிவியில், லேப்டாப்பில் பிழை, டிவியில் முழங்கால்.

கடைசி இடத்துக்கு எங்கள் லீக்கில் தண்டனை உண்டு. வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் 24 மணி நேரம் உட்கார வேண்டும், சாப்பிடும் ஒவ்வொரு வாஃபிளுக்கும் ஒரு மணி கழியும். எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, இந்த நாட்டில் பல லீக்குகளில் நடக்கிற கூத்து. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும் 41 வயது ஆசாமியான நான் ஏழு சாப்பிட்டேன், 17 மணி நேரம் உட்கார்ந்தேன். விடிகாலை மூன்று மணிக்கு அங்கே பரிமாறிய பெண்மணி என்ன சோகம் என்று கேட்டார். "மக்காஃப்ரி" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, காபி மட்டும் ஊற்றிவிட்டுப் போனார். ஷார்லட்டில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

இப்போது முக்கியமான இடம். அந்த லீக்கில் ஜெயித்தது யார் தெரியுமா? முதல் சுற்றில் பத்தாவதாக ரன்னிங் பேக் எடுத்தவர். சேக்வான் பார்க்லி. 2,005 யார்டு. எங்கள் இறுதிப்போட்டி நடந்த 17ஆவது வாரம் டாலஸுக்கு எதிராக 167 யார்டு ஓடித்தான் அவர் இரண்டாயிரத்தைத் தாண்டினார். ஆக, நான் ரன்னிங் பேக் எடுத்ததால் தோற்றேன் என்றால் அவர் எதை எடுத்து ஜெயித்தார்?

அடிபடுவார்கள் என்பது உண்மை, மறுக்கவில்லை. 2017இல் எல்லோரும் முதலில் எடுத்த டேவிட் ஜான்சனுக்கு முதல் ஆட்டத்திலேயே மணிக்கட்டு போனது. 2018இல் லெவியான் பெல் அடிபடாமலேயே கவிழ்த்தார், சம்பளத் தகராறில் சீசன் முழுக்க வரவே இல்லை. 2020 செப்டம்பர் 20, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மக்காஃப்ரி, பார்க்லி இரண்டு பேரும் விழுந்தார்கள். ஆனால் பயந்து 2023இல் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை முதலில் எடுத்தவர்களைக் கேளுங்கள். தொடைத் தசை, ஏழு ஆட்டம் இல்லை. இரண்டாவதாக மக்காஃப்ரியை எடுத்தவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். 1963இல் ஓக்லாண்டில் ஒரு வீட்டில் நடந்த முதல் ஃபேண்டஸி டிராஃப்டில் முதலில் போனவர் ரன்னிங் பேக்கே இல்லை, ஜார்ஜ் பிளாண்டா என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர். அன்றிலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது.

ரன்னிங் பேக்கை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் தட்டுப்பாடு. அணிகள் 32, ஆனால் வேலையை முழுசாக ஒருத்தர் தலையில் கட்டும் அணிகள் குறைந்துகொண்டே வருகின்றன, பாதிப் பேர் இரண்டு மூன்று ஆட்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். நல்ல ரிசீவர் 24ஆவது இடத்திலும் மிச்சமிருப்பார். முழு வேலைக்கார ரன்னிங் பேக் இருக்க மாட்டார்.

ஒரு பிடிப்புக்கு அரைப் புள்ளி தரும் லீக் என்றால் பீஜான் ராபின்சனை எடுங்கள். 2024இல் 1,456 யார்டு ஓடி 14 டச்டவுன், மேலே 61 பிடிப்பு, 2023, 2024 இரண்டு வருடமும் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. முழுப் புள்ளி என்றால் ரிசீவர் ஜமார் சேஸ், 2024இல் 127 பிடிப்பு, 1,708 யார்டு, 17 டச்டவுன், அங்கே நான் வாதாட மாட்டேன். ஆகஸ்டில் உங்களுக்குப் பிடித்தவரின் கால் பற்றி ஏதாவது செய்தி வந்தால் இரண்டு முறை படியுங்கள். பெஞ்சில் இரண்டாவது டைட் எண்ட் வேண்டாம்.

எங்கள் டிராஃப்ட் வருகிற சனிக்கிழமை. எனக்கு ஒன்பதாவது இடம், மக்காஃப்ரி அங்கே வரைக்கும் விழுவார் என்கிறார்கள். எடுப்பேனா இல்லையா என்று இங்கே எழுத மாட்டேன். லீக்கில் எட்டாவது இடத்தில் இருப்பவர் கோயம்புத்தூர்க்காரர்.