தொழிற்சங்கங்கள் நலிந்ததற்கும், அறிவு, மொழி பற்றிய தத்துவ விவாதங்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. எனக்கு அது புரிந்தது 'பங்கு' என்ற ஒரே சொல்லை வைத்துத்தான்.

நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரன். அப்பா முதலில் வல்லத்தில், அதாவது சின்ன நாட்டுப்படகில், மீன்பிடிக்கப் போனவர். வல்லத்துக்குச் சொந்தக்காரரும் கூடவே கடலுக்கு வருவார். கிடைத்த மீன்பாட்டைப் பிரித்துக்கொள்வார்கள். அது நிஜமான பங்கு. பிறகு விசைப்படகுக்கு மாறினார். முதலாளி கரையில் இருப்பார். டீசல், ஐஸ் எல்லாம் கழித்து மிஞ்சுவதில்தான் பங்கு. கழித்த கணக்கு அவர் நோட்டில். பாடு இல்லாத நாள் வெறுங்கை, அதற்கு மேல் முன்பணக் கடன். ஆனாலும் சொல் மட்டும் மாறவில்லை. ஒரு சொல்லின் பொருள் அது புழங்கும் விதத்தில் இருக்கிறது என்றார் தத்துவவாதி விட்கென்ஸ்டைன். இங்கே புழக்கம் தலைகீழான பிறகும் பழைய சொல்லின் மரியாதை ஒட்டிக்கொண்டே இருந்தது. பங்காளியிடம் போய்க் கூலி கேட்க முடியுமா?

ஏதோ இடிக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். கச்சான் காற்று எப்போது ஓயும் என்று சொல்லிவிடுகிறவர், இதை மட்டும் "நம்ம ராசி" என்பார்.

தனக்கு நடக்கும் அநியாயத்தைப் புரிந்துகொள்ளச் சொல்லே இல்லாமல் போவதும் ஓர் அநீதிதான் என்று 2007-ல் எழுதினார் தத்துவவாதி மிராண்டா ஃபிரிக்கர். அவர் காட்டும் உதாரணம்: 1970-களில் அமெரிக்கப் பெண்கள் சிலர் கூடிப் பேசியபோதுதான் 'பாலியல் தொல்லை' என்ற பெயர் பிறந்தது. அதுவரை அது அவளவள் தனிச் சங்கடம்.

அப்பாவுக்கு அந்தக் கூடிப் பேசுதல் சங்கத்தில் கிடைத்தது. வலைக் கொட்டகையில் நாலு படகு ஆட்கள் கணக்கை ஒப்பிட்டார்கள். ஒரே நாள், ஒரே தூரம் போய் வந்த படகுகளுக்கு டீசல் கழிவு வேறு வேறு. ராத்திரி வீட்டுக்கு வந்து, "ராசி இல்லடா, கணக்கு" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சங்கங்கள் நலிய ஆலை மூடல், ஒப்பந்த வேலை, சங்கங்களின் சொந்தத் தவறுகள் என்று காரணம் பல. அமெரிக்காவில் 1983-ல் நூறு தொழிலாளரில் 20 பேர் சங்கத்தில் இருந்தார்கள். 2023-ல் 10 பேர். சம்பளப் பேரம் போனதைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தக் கொட்டகை போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

அண்ணன் மகன் சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். செயலி அவனை 'பார்ட்னர்' என்கிறது. அதே பங்கு! இந்தியாவின் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இப்படிச் செயலி வழியே வேலை செய்கிறவர்களை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்துத்தான் வரையறுக்கிறது. போன மாதம் பேசும்போது காசு குறைகிறது என்றான்.

"கூட ஓட்டுறவங்களுக்கும் குறையுதாடா?"

"தெரியல சித்தப்பா. யாரையும் கேட்டதில்ல."