காரின் பெயிண்ட்டைப் பாதுகாக்க எந்த ஷாம்பு, எந்த வேக்ஸ் வாங்கலாம்? செராமிக் கோட்டிங் அவசியமா?

கேள்வியில் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவு: புதுக் கார், கருப்பு நிறம், சென்னையில் அபார்ட்மென்ட் பார்க்கிங், பாதி நாள் வெயில், கழுவ போர்வெல் தண்ணீர்தான். டெலிவரிக்கு முன்பே செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் திரவமாகப் பூசி இறுகவிடும் பாதுகாப்புப் பூச்சு) போட்டுவிடச் சொல்லி டீலர் நெருக்குகிறார்.

டீலர் பேக்கேஜை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ஒரு பாட்டில் கார் ஷாம்பு, ஒரு பாட்டில் பெயிண்ட் சீலன்ட் (வேக்ஸ் போலவே மேலே படியும் செயற்கைப் பூச்சு), நல்ல மைக்ரோஃபைபர் துணிகள் ஆறேழு வாங்குங்கள். இதில் கஞ்சத்தனம் காட்டவே கூடாத இடம் துணி. பலர் வேக்ஸுக்கு இரண்டாயிரம் செலவழித்துவிட்டு, பழைய பனியனால் வண்டியைத் துடைப்பார்கள்.

ஏன் துணி என்றால், கம்பெனி பெயிண்ட் எல்லா லேயரும் சேர்த்தே ஏறக்குறைய 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் பெரும்பாலும் அந்த லேயரில்தான் இருக்கிறது. கருப்புக் காரை ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிறுத்திப் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. அவற்றைப் போக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இப்படித் தேய்த்தெடுக்கும் ஒவ்வொரு காம்பவுண்டிங்கும் கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவு, திரும்ப வராது. ஆகவே கீறல் விழாமல் கழுவுவதுதான் முதல் பாதுகாப்பு. வேக்ஸும் கோட்டிங்கும் அதற்கு அடுத்தபடி.

ஷாம்பு வாங்கும்போது பாட்டிலில் "பிஹெச் நியூட்ரல்", அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை, என்று இருக்கிறதா பாருங்கள். பத்து லிட்டர் பக்கெட்டுக்குப் பெரும்பாலான பிராண்டுகளில் 20 முதல் 30 மில்லி போதும். அடர்த்தியான வகைகளில் இன்னும் குறைவு, லேபிளில் போட்டிருக்கும். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் வராது. அலசினாலும் போகாத படலம் தங்கி, காய்ந்த பிறகு கோடு கோடாகத் தெரியும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு தடவை போட்டால் பெயிண்ட் கெட்டுவிடாது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்யப்பட்ட அது மேலே போட்ட வேக்ஸையும் சேர்த்து வழித்துவிடும். துணி துவைக்கும் பவுடர் அதைவிட மோசம்: சோடா கலந்த காரம், கரையாத துகள்கள் வேறு. "வாஷ் அண்ட் வேக்ஸ்" ஷாம்பு மாதாந்திரப் பராமரிப்புக்கு நல்லது, ஆனால் சீலன்ட் போடும் நாளில் வேண்டாம். அது விடும் படலம் சீலன்ட்டைப் பிடிக்க விடாது.

கழுவும்போது வண்டி நிழலில் இருக்கட்டும், பானெட்டைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. முதலில் வெறும் தண்ணீரைத் தாராளமாக அடித்து மண்ணை இறக்குங்கள். பாதி வேலை இதில்தான். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். வாஷ் மிட்டை (கையில் மாட்டித் தேய்க்கும் இழைக் கையுறை) ஷாம்பில் முக்கி ஒரு பேனலைத் தேய்த்ததும், தண்ணீர் பக்கெட்டில் அலசிவிட்டு மறுபடி ஷாம்புக்குப் போங்கள். ரூஃபில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவுகளின் கீழ்ப் பகுதியும் பின் பம்பரும் கடைசி, மண் அங்கேதான் அதிகம். வீலுக்குத் தனித் துணி. பிரேக் தூள் இரும்புத் துகள், அந்தத் துணி மறந்தும் பெயிண்ட் பக்கம் வரக் கூடாது. வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் தேயுங்கள். ஸ்பாஞ்ச் வேண்டாம்; மண் அதன் தட்டையான முகத்துக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். மிட்டின் இழைகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் பஞ்சமான நாட்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு வகை கிடைக்கிறது, 1:256 விகிதத்தில் கலப்பது. நாலு லிட்டருக்கு 15 மில்லி, ஒரு பக்கெட்டில் வண்டி முடிந்துவிடும், அலசத் தேவையில்லை. தூசி மட்டும் இருக்கும் வண்டிக்கு அருமையானது. மழைச் சேற்றோடு நிற்கும் வண்டிக்கு வேண்டாம்.

இனி உங்கள் உண்மையான எதிரி: போர்வெல் தண்ணீர். சொட்டுகள் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டமாக நின்றுவிடும். வெயிலில் நாள்கணக்கில் விட்டால் அந்த வட்டம் கிளியர் கோட்டை அரித்துப் பள்ளமாக்கும். கருப்பு வண்டியில் ஒரு வட்டமும் ஒளியாது. பல வீடுகளில் ஆர்ஓ இயந்திரத்தின் வேஸ்ட் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் காரைக் கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஃபில்டர் ஒதுக்கித் தள்ளிய உப்பெல்லாம் இருப்பது அதில்தானே? அதை வாசல் கழுவ வையுங்கள். காருக்குக் கடைசி அலசலுக்கு ஏற்றது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு அநேகமாக இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ஸ்பிளிட் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தரும். துணியில் வடிகட்டி ஐந்து லிட்டர் வைத்திருந்தால், ரூஃபிலிருந்து மெல்ல ஊற்றி முடிக்கலாம்.

அலசியதும் உடனே துடையுங்கள், தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். துடைக்க 800 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணியின் எடை) அல்லது அதற்கு மேலான பெரிய டவல் ஒன்று. வேக்ஸ் துடைக்க 300 முதல் 400 ஜிஎஸ்எம் துணிகள் போதும். ஓரத்தில் தடித்த தையல் இருந்தால் அதுவே கீறும், தையலில்லாத ஓரமாகப் பார்த்து வாங்குங்கள். துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீர்கள். இழைகளில் படிந்து தண்ணீரை உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். காட்டன் துணிகளோடு சேர்த்தும் துவைக்க வேண்டாம், பஞ்சு ஒட்டும். தரையில் விழுந்த துணி அன்றைக்கு வீல் துணியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்த பேனலில் ஓரிரு நிமிடம் ஒற்றி வைத்து நன்றாக அலசுங்கள். புதிய வட்டம் கரைந்துவிடும். போகவில்லை என்றால் அது உப்பல்ல, அரிப்பு, பாலிஷ்தான் வழி. டாய்லெட் கிளீனரைத் தடவிப் பார்க்கச் சொல்லும் அறிவாளிகள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குரோம் பட்டையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பறவை எச்சம் பட்டால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். எச்சத்தில் அமிலம் மட்டுமல்ல, மணலும் விதையும் இருக்கும். வெயிலில் கிளியர் கோட் இளகும், ராத்திரி குளிரும்போது காய்ந்த எச்சத்தை ஒட்டிச் சுருங்கும். அந்தத் தடம் அப்படியே நின்றுவிடும். ஈர டிஷ்யூவை ஐந்து நிமிடம் போட்டு ஊற வைத்து, அழுத்தாமல் வழித்து எடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் விழும் பிசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், தார்ப்புள்ளிக்கு தார் ரிமூவர். அது இல்லாவிட்டால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், உடனே ஷாம்பு. ஆயுத பூஜைக்கு பானெட்டில் வைக்கும் விபூதி, குங்குமம், சந்தனத்தையும் மறுநாளே கழுவிவிடுங்கள். உலர்ந்த விபூதியை வறண்ட துணியால் துடைப்பது பொடி போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

சீலன்ட்டுக்கு முன் பெயிண்ட் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கழுவிய பேனலில், கையில் மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு விரலால் தடவுங்கள். சொரசொரவென்று மணல் போலத் தட்டுப்பட்டால் துகள்கள் பதிந்திருக்கின்றன. டெலிவரிக்கு முன் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் பல வாரம் நின்ற புதுக் காரிலும் இது இருக்கும். அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்புத் துகள் உள்ள இடம் ஊதா நிறமாகும், காயவிடாமல் அலசுங்கள். மிச்சத்துக்கு ஃபைன் கிரேட் களிமண், அதாவது கிளே பார். உள்ளங்கையளவு தட்டி, ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தம் கொடுக்காமல் நகர்த்துங்கள். அழுக்கானதும் மடித்துப் புது முகத்தை எடுங்கள். கீழே விழுந்தால் கழுவி உபயோகிக்கலாம் என்று பார்க்காதீர்கள், குப்பையில் போடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் கிளே வேண்டாம்.

கடை கவுண்டரில் எல்லாவற்றுக்கும் பெயர் "பாலிஷ்" என்பதால்தான் குழப்பம். காம்பவுண்ட் அரைத்து எடுப்பது, பாலிஷ் நுணுக்கமாக அரைப்பது, வேக்ஸும் சீலன்ட்டும் மேலே படிவது. லேபிளில் "ஸ்கிராட்ச் ரிமூவர்", "கிளீனர் வேக்ஸ்", "கட்" என்ற சொற்கள் இருந்தால் உள்ளே அரைக்கும் பொடி இருக்கிறது. அதை மாதாமாதம் போடாதீர்கள். கிளியர் கோட் உள்ள வண்டியில் தேய்க்கும் துணியில் வண்டியின் நிறம் ஏறக் கூடாது. ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள், கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அதேபோல், நகம் தட்டுப்படும் கீறல் எந்தப் பாட்டிலாலும் போகாது.

கார்னோபா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வருவது. கருப்பு நிறத்துக்கு அது தரும் ஆழம் அழகுதான். ஆனால் வெயிலில் நிற்கும் வண்டியில் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். அதன் உருகுநிலை 80 டிகிரிக்குச் சற்று மேல், கருப்பு பானெட் மே மாதத்தில் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. கடையில் கிடைக்கும் மலிவான பேஸ்ட்டுகளில் கார்னோபா கொஞ்சம்தான், மற்றது வேறு மெழுகு. உங்களுக்கு சிந்தெடிக் சீலன்ட்தான் பொருத்தம், நாலைந்து மாதம் தாங்கும். நடுவில் மாதம் ஒருமுறை, கழுவித் துடைத்ததும் ஸ்பிரே சீலன்ட் ஒரு கை அடித்தால் இன்னும் நீளும்.

போடும் அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு செடானுக்கு 15 முதல் 20 மில்லி போதும். அப்ளிகேட்டரில் நாலு சொட்டு, ஒரு நேரத்தில் அரைக் கதவு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாக. தடிப்பாகப் பூசினால் ஒட்டுவது அதே அளவு. மீதியைத் துடைத்து எடுக்க உங்கள் தோள்தான் வலிக்கும். மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள். ஈஷாமல் தெளிவாக வந்தால் துடைக்கலாம். லேபிளில் சொல்லும் நேரம் வரை, வழக்கமாக அரை நாளுக்கு, தண்ணீர் படக் கூடாது. கருப்பு பிளாஸ்டிக்கிலும் ரப்பர் பீடிங்கிலும் படாமல் பாருங்கள். பட்டால் வெள்ளைத் தழும்பாக நிற்கும், பழைய டூத் பிரஷ்ஷும் ஷாம்பும்தான் மருந்து. சீலன்ட் தீர்ந்ததா என்று தெரிந்துகொள்ள, கழுவிய பின் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நிற்காமல் படர்ந்து பரவினால் அடுத்த கோட்டுக்கு நேரமாகிவிட்டது. கழுவாமல் இந்தச் சோதனை செய்யாதீர்கள், அழுக்கே அப்படிப் பரவ வைக்கும்.

இப்போது டீலர் விஷயம். செராமிக் மோசமான பொருள் அல்ல. நன்றாகப் போட்டால் ஒன்றிரண்டு வருடம் அழுக்கு எளிதில் ஒட்டாது. ஆனால் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். அதன் கடினத்துக்குச் சொல்லும் "9ஹெச்" என்பது பென்சில் வைத்துக் கீறிப் பார்க்கும் அளவுகோல், வைரம் உச்சியில் இருக்கும் மோஸ் அளவுகோல் அல்ல. கல் தெறித்தால் தடுக்காது. போர்வெல் வட்டத்தையும் தடுக்காது. தண்ணீர் முத்தாக நின்று காய்வதால் வட்டம் இன்னும் பளிச்சென்றே விழும். செராமிக்கின் தரம் பாட்டிலில் பாதி, அதற்கு முந்தைய பாலிஷ் வேலையில் பாதி. டெலிவரி அவசரத்தில் மூன்று மணி நேரத்தில் முடித்தால், யார்டில் விழுந்த கீறல்களுக்கு மேல் பூச்சு போட்டு மூடியதாகத்தான் அர்த்தம். பாலிஷ் உண்டா, எந்தப் பொருள், என் கண்முன் பாட்டிலைத் திறப்பீர்களா, வண்டி எத்தனை நாள் உள்ளே இருக்கும், வருடாந்திர சர்வீஸுக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் தனி டீடெய்லிங் கடையில் பிறகு போட்டுக்கொள்ளலாம். டெஃப்லான் கோட்டிங் என்றால் யோசிக்கவே வேண்டாம். தோசைக்கல்லில் அது பிடிப்பது 300 டிகிரிக்கு மேல் சூடாக்குவதால், காரை அப்படிச் சூடாக்க முடியாது. கல் தெறிப்பதுதான் கவலை, ஹைவேயில் அதிகம் ஓடுகிறது என்றால் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள டிபியூ வகை பிபிஎஃப்பை (பெயிண்ட் மேல் ஒட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் ஃபிலிம்) முன் பம்பர், பானெட், கண்ணாடிக் கூடுகளுக்கு மட்டும் ஒட்டுங்கள். முழு வண்டிக்கும் ஒட்டுவது வசதியைப் பொறுத்தது.

கடைசியாக, உங்கள் அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் துடைக்க வரும் அண்ணன். அரை பக்கெட் தண்ணீர், ஒரே துணி, பத்து வண்டி. உங்கள் முறை வரும்போது அந்தத் துணியில் ஒன்பது வண்டி மண் இருக்கும். அவர் மேல் குறையில்லை, அந்தக் கூலிக்கு அவ்வளவுதான் முடியும். மாதக் கூலியைக் குறைக்காமல் கொடுத்து, தினமும் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லுங்கள். வாரம் ஒருநாள் உங்கள் துணி, உங்கள் ஷாம்பு, உங்கள் இரண்டு பக்கெட்டோடு கழுவட்டும். முதல் இரண்டு வாரம் கூட நில்லுங்கள். நீண்ட இழைகள் கொண்ட டஸ்டரால் உலர்ந்த தூசியைத் தட்டுவதையும் கருப்பு வண்டியில் தவிர்ப்பது நல்லது. துணிக் கவர் போடுவதாக இருந்தால் கழுவிய வண்டிக்கு மட்டும். தூசி மேல் போட்ட கவர் காற்றில் அசைந்து தானே தேய்க்கும்.

எங்காவது இடித்து ஒரு பேனலை ரீபெயிண்ட் செய்ய நேர்ந்தால், அந்தப் பேனலுக்குக் குறைந்தது 30 நாள் சீலன்ட்டோ வேக்ஸோ போட வேண்டாம். கம்பெனியில் 140 டிகிரியை ஒட்டிச் சுட்ட பெயிண்ட் போல அல்ல அது. பாடி ஷாப்பில் 60 டிகிரியில் காய்ந்த பெயிண்ட், உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும்.