லண்டனில் மணி மாறிய ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறேன். என் சிநேகிதி வீட்டிலிருந்தே சிட்னியில் உள்ள ஒருவருக்கு வேர்ச்சுவல் அசிஸ்டன்ட்டாக, அதாவது இணையம் வழியாகக் காரியதரிசியாக, வேலை செய்கிறாள். எனக்கும் ஆசை. ஒன்லைனில் வேலை எடுக்கும் தளங்களில் அப்வேர்க்கா, ஃபைவரா, எதில் தொடங்குவது? 45,000 ரூபாய்க்கு ஒரு ஒன்லைன் கோர்ஸ் இருக்கிறது, சேரலாமா? என் ஆங்கிலம் சுமார். மடிக்கணினியும் பழசு. அம்மா இதை உத்தியோகம் என்றே ஏற்க மாட்டேன் என்கிறா. பழகட்டும் என்று சிநேகிதி ஒரு சின்ன வேலை தந்தாள். சிட்னி நேரத்தை ஒரு மணி பிழையாகப் போட்டுவிட்டேன். வெட்கத்தில் ஐந்து நாளாக அவளுடைய மெசேஜைத் திறக்கவில்லை. நான் இதற்குச் சரிவருவேனா?

(பெயர் வேண்டாம்), மானிப்பாய்

அன்புள்ள தங்கச்சி,

கோர்ஸில் சேராதீர்கள். கலண்டரும் ஷீட்ஸும் கன்வாவும் பழக யூடியூப் போதும். அப்வேர்க், ஃபைவர் இரண்டில் ஏதோ ஒன்று. ஃபைவர் உங்கள் உழைப்பில் 20 வீதத்தை எடுத்துக்கொள்ளும். அப்வேர்க்கில் விண்ணப்பம் போட 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்கவேண்டி வரும். 'முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வேலை' என்று வாட்ஸப்பில் வருகிறவன் கள்ளன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அம்மாவை ஏச மனம் வரவில்லை. 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்' என்று, அரசாங்க உத்தியோகமே உத்தியோகம் என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் மலாயாவுக்குக் கப்பலேறிய நம் பாட்டன்மார் அங்கே செய்தது என்ன? றெயில்வேயிலும் கந்தோர்களிலும் துரைமாருக்குக் கடிதம் எழுதினார்கள், கோப்பு அடுக்கினார்கள். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்துக்கு விசைப்பலகை அமைத்த ஆர். முத்தையா 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர்; அவரும் கடல் கடந்து போய்க் கந்தோரில் இருந்தவர்தான். நீங்கள் கப்பலேறாமல் அதே வேலையைச் செய்யப்போகிறீர்கள். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டா, பரவாயில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் அல்ல. அந்த ஐந்து நாளுக்காக.

2002, யுத்தத்தில் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்த வருடம். எனக்கு வயது 19. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷனில், அதாவது போன் கடையில், வேலை. எல்லா வீட்டிலும் போன் இல்லாத காலம். வெளிநாட்டிலிருந்து மகன் கடைக்கு எடுத்து, 'ஞாயிறு பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டு வையுங்கோ' என்பான். நான் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். யார், எந்த ஊர், அங்கே எத்தனை மணி, இங்கே எத்தனை மணி, எல்லாம் ஒரு சீஆர் கொப்பியில் இருக்கும். அந்த மணிக்கணக்கு லேசானதல்ல. இலங்கை அப்போது கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்தி நின்றது. இப்போதுள்ள ஐந்தரை 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. புலிகளின் பகுதியில் பழைய ஐந்தரையேதான். முகமாலைச் சோதனைச்சாவடி தாண்டினால் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் திருப்பவேண்டும். இவ்வளவும் பாடமாக இருந்த எனக்கு, லண்டன்காரர் ஒக்டோபர் கடைசி ஞாயிறு தங்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புவார்கள் என்பது தெரியாது.

கோண்டாவிலில் ஒரு அம்மா. மகன் ஞாயிறுதோறும் லண்டன் மத்தியானம் பன்னிரண்டுக்கு எடுப்பான், இங்கே பின்னேரம் ஐந்து. அன்றைக்கும் ஐந்துக்கு வந்து வாங்கில் இருந்தா. ஐந்தேகால். ஐந்தரை. வெளியே ஐப்பசி மழை. மூன்று தரம் என்னிடம் 'போன் வேலை செய்யுதோ?' என்று கேட்டா. ஐந்தே முக்காலுக்கு எழும்பிப் போய்விட்டா. சரியாக ஆறுக்கு மணி அடித்தது. விஷயத்தை அவன்தான் விளங்கப்படுத்தினான். 'எனக்கு ஒண்டும் இல்லை எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ' என்றான். சரி என்றேன்.

அவவின் வீடு சைக்கிளில் பத்து நிமிஷம். நான் போகவில்லை. மழை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திங்கள் மழை இல்லை, அன்றும் போகவில்லை. செவ்வாய் முதலாளி கொப்பியைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் போய்ப் படலையில் நின்றேன். இரண்டு நாளாக அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மணி பிழைத்ததற்கு அவ ஒரு சொல்லும் ஏசவில்லை. 'ஞாயிறே உனக்குத் தெரியுமோ தம்பி?' என்று மட்டும் கேட்டா. ஓம் என்றேன். படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டா. பிறகு எங்கள் கடைப்பக்கம் வரவேயில்லை.

தங்கச்சி, ஐந்து நாள்! அந்த ஐந்து நாளும் உங்கள் சிநேகிதி சிட்னிக்காரருக்கு என்ன சொல்லிச் சமாளித்திருப்பாள் என்று யோசித்தீர்களா? ஒரு மணி பிழைப்பது எல்லாருக்கும் நடப்பது. கந்தோரில் பிழை விட்டவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாலும் ஆள் இருக்கிறார் என்று தெரியும். இந்த வேலையில் நீங்கள் எழுதாவிட்டால் நீங்கள் இல்லை. பிழைத்தது தெரிந்த உடனேயே மூன்று வரி போடுங்கள்: என்ன பிழைத்தது, என்ன செய்துகொண்டிருக்கிறேன், எப்போது சரியாகும். கரண்ட் போனாலும் மூன்று வரி, காய்ச்சலென்றாலும் மூன்று வரி, சொன்ன வேலை விளங்காவிட்டாலும் அதேதான். நீளமான மன்னிப்பு வேண்டாம். நம் ஆட்கள் மன்னிப்பை இரண்டு பக்கத்துக்கு எழுதுவார்கள், எப்போது முடியும் என்பதை மட்டும் எழுதமாட்டார்கள். அந்த மூன்று வரிக்கு உங்கள் சுமார் ஆங்கிலம் தாராளம். (உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. கிடைத்தது என்று ஒரு வரி நானும் போடவில்லை. சரி.)

மிச்சக் கேள்விகள். மடிக்கணினி பழசென்றால் பரவாயில்லை, கரண்ட் போனால் இரண்டு மணித்தியாலம் தாங்கினால் போதும்; போனில் டேட்டா வைத்திருங்கள். மற்றவர்களின் பாஸ்வேர்டை வாட்ஸப்பில் சேமிக்காதீர்கள். காசைப் பயோனியர் என்ற ஒன்லைன் சேவை வழியாக வங்கிக்கு எடுக்கலாம். 2025 ஏப்ரல் முதல் இந்த வருமானத்துக்கும் வரி உண்டு, ஆகக்கூடியது 15 வீதம். வருடத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு என்பதால் இப்போதைக்கு நித்திரை கெடவேண்டாம்.

இதை வாசித்த கையோடு சிநேகிதியின் மெசேஜைத் திறவுங்கள். அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள். வருடக் கடைசிப் பக்கம் சிட்னியில் மணி மாறுவது ஒக்டோபர் முதல் ஞாயிறு, லண்டனில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு, ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறு. முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.