என் அக்கா மகனுக்கு 11 வயது. பிறரை அடித்துவிட்டு வருத்தமே படுவதில்லை. நன்றாக அடி கொடுத்தால் திருந்துவானா?

நாய்க்குட்டியின் காலை முறுக்கிவிட்டு அது கத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றான், அக்கா பிரம்பை எடுத்ததும் பேசாமல் முதுகைக் காட்டினான் என்று எழுதியிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 22 வருடம் ஆசிரியராக இருந்தேன். அப்படி முதுகைக் காட்டிய ஒருவனை எனக்குத் தெரியும்.

அவன் அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை, அம்மாவுக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில் வேலை. நல்ல மனிதர்கள். வளர்ப்பு சரியில்லை என்று ஊர் பேசியதை நான் ஒருநாளும் ஏற்கவில்லை. அதே வகுப்பில் இன்னொரு முரடனும் இருந்தான். பட்டப்பெயர் சொன்னால் பாய்ந்து அடிப்பான், பத்து நிமிடத்தில் மூலையில் உட்கார்ந்து அழுவான். இவன் வேறு மாதிரி. மிட்டாய்க்காசு வைத்திருக்கும் சின்னப் பிள்ளைகளை ஆள் இல்லாத இடமாகப் பார்த்து மடக்குவான். அவர்கள் அழுதாலும் இவன் முகத்தில் ஒன்றும் தெரியாது.

இரண்டு பேரையும் ஒரே பிரம்பால் அடித்தேன். முதல் பையன் இன்னும் மிரண்டான். இவன் மாட்டிக்கொள்ளாமல் செய்யக் கற்றுக்கொண்டான். அது என் தவறு, இன்றும் மனதில் உறுத்துகிறது.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்கு அவனைக் கூட்டிப்போனபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மருத்துவக் கையேடு, நடத்தைக் கோளாறு உள்ள பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்களைத் தனியாகக் குறிக்கச் சொல்கிறது. குற்றவுணர்வு இல்லாமை, பிறர் வலியைப் பொருட்படுத்தாமை, படிப்பு கெட்டாலும் கவலைப்படாமை, ஆழமில்லாத உணர்ச்சி ஆகிய நான்கில் இரண்டு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதுவும் குறைந்தது 12 மாதம், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். ஆகவே ஒரு நாய்க்குட்டியை வைத்து உங்கள் மருமகனுக்கு நீங்களும் நானும் பெயர் சூட்டிவிடக் கூடாது.

சரி, அடி ஏன் பலிக்கவில்லை? பயந்த முகத்தைப் பார்க்கும்போது இந்தப் பிள்ளைகளின் மூளையில் அமிக்டலா என்ற பகுதி மற்ற பிள்ளைகளுக்கு இயங்கும் அளவுக்கு இயங்குவதில்லை என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்தவன் பயம் இவனுக்கு எட்டுவதில்லை, தண்டனையும் உறைப்பதில்லை. ஆனால் பாராட்டு எட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ஹாவ்ஸ், மார்க் டாட்ஸ் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தனியே உட்கார வைக்கும் தண்டனை இத்தகைய சிறுவர்களிடம் குறைவாகவே வேலை செய்தது. நல்லதைச் செய்தால் பாராட்டிப் பரிசு தருவது மற்றவர்களிடம் போலவே வேலை செய்தது.

அதற்கப்புறம் பிரம்பை விட்டேன். புகார் வராத ஒவ்வொரு நாளுக்கும் அவன் நோட்டில் ஒரு கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் வாலிபால் வலை கட்டும் பொறுப்பு அவனுக்கு. கோட்டை அன்றைக்கே போட்டுவிட வேண்டும், நாளைக்கு என்றால் அவனுக்கு அது ஒன்றுமில்லை. யாராவது அழுதால், "மக்களே, அவன் கண்ணைப் பாரு, என்ன தெரியுது?" என்று கேட்பேன். முதல் மூன்று மாதம் "ஒண்ணும் தெரியல சார்" என்றான். பொய் சொல்கிறான் என்றுதான் முன்பெல்லாம் நினைத்திருப்பேன். அப்பா சாயங்காலம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலையைத் தடவி, அன்றைய கோட்டைப் பார்ப்பார். அந்த அரை மணி நேரம்தான் என் நோட்டைவிடப் பெரிய மருந்து என்று நம்புகிறேன்.

எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்போதும் சண்டை முழுதாக நின்றுவிடவில்லை. காசு பிடுங்குவது நின்றது. ஒருநாள் ஒரு சின்னப் பையன் விழுந்தபோது, "சார், அவன் பயந்துட்டான்" என்று இவனாகவே வந்து சொன்னான்.

உங்கள் அக்காவிடம் பிரம்பை வாங்கி வைத்துவிடுங்கள். எங்கே, யாரிடம், என்ன நடந்தபின் கை நீட்டினான் என்று இரண்டு வாரம் எழுதி, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். உடனே போக முடியாவிட்டால் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.