மதத்தை நம்புகிறவர்கள் அது சொல்கிறபடி வாழ்கிறார்களா, இல்லை எல்லாம் வேஷமா?

நான் சைவன். பிறப்பால் வந்தது என்றாலும் விரும்பிப் பிடித்துக்கொண்டதுதான். அதனால் அடுத்த மதத்துக்காரர்களைப் பற்றிப் பேசாமல் என் வீட்டில் பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். ஊர்ச் சிவன் கோயில் சின்னது, ஓதுவார் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாதான் தேவாரம் பாடுவார், பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர். புத்தகம் பார்க்க மாட்டார். அப்பர் பாட்டு என்றால் குரல் கம்மிவிடும். அதிலும் ஒரு திருத்தாண்டகம் உண்டு: "ஆவுரித்துத் தின்றுழலும் புலைய ரேனும், கங்கைவார் சடைக்கரந்தார்க் கன்ப ராகில், அவர்கண்டீர் நாம்வணங்கும் கடவு ளாரே". மாட்டை உரித்துத் தின்கிறவர் என்று ஊர் தள்ளிவைத்தவராக இருந்தாலும், சிவனிடம் அன்பு வைத்தவர் என்றால் நான் கும்பிடும் கடவுளே அவர்தான் என்று 7ஆம் நூற்றாண்டில் அப்பர் சொன்னது. இந்த வரி வரும்போதெல்லாம் அப்பாவுக்குக் கண் கலங்கும்.

எங்கள் கொல்லையில், மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் ஒரு அலுமினிய லோட்டா செருகியிருக்கும். வயல் வேலைக்கு வரும் பெரியவருக்குக் காப்பி அதில்தான். முன்வாசல் பக்கம் அவர் வந்ததே இல்லை. குடித்துவிட்டு அவரே கழுவி அவரே செருகிவிட்டுப் போவார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்குப் பதினாலு வயது இருக்கும். புரட்டாசி ரோகிணி, திருநாளைப்போவார் குருபூசை. நந்தனார் என்றால் எல்லோருக்கும் தெரியும், தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிவைத்த குலத்தில் பிறந்து நாயன்மாரானவர். பிராகாரத்தில் நாயன்மார் வரிசையில் நிற்கும் அவருக்கு அன்றைக்கு அபிஷேகம். பால் எங்கள் வீட்டிலிருந்து போனது. திரும்பி வரும்போது கேட்டேன்: "நந்தனாருக்குப் பால் ஊத்துறோம், நம்ம வீட்டுக்கு வர்றவருக்கு மட்டும் ஏம்ப்பா தனி லோட்டா?" அப்பா கோபப்படவில்லை. "அது சாமி காரியம் தம்பி. இது ஊர் வழக்கம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே" என்றார்.

அப்பா போட்டது வேஷம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. வேஷம் போடுகிறவனுக்கு அது வேஷம் என்று உள்ளுக்குள் தெரியும். அப்பாவுக்கு அப்படி ஒரு உறுத்தல் இருந்ததாகவே தெரியவில்லை. அந்தக் கண்ணீர் நிஜம், லோட்டாவும் நிஜம். என் மனசுக்குப் படுவது இதுதான்: பாட்டை உருகிப் பாடி முடித்ததும், அது கேட்டதையெல்லாம் செய்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. நந்தனாருக்குச் செய்ய வேண்டியதைப் பாலாகவே ஊற்றித் தீர்த்துவிடுகிறோம். கொல்லையில் நிற்கிறவருக்கு மிச்சம் எதுவும் வருவதில்லை.

இதற்கு இடம் கொடுக்கிற மாதிரி நூலிலேயே ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாயன்மார் கதைகளைச் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருப்புன்கூர்க் கோயிலில் நந்தியை விலகச் சொல்லி, வெளியே நின்ற நந்தனாருக்குச் சிவன் காட்சி கொடுக்கிறார். விலகின நந்தியை இன்றைக்கும் அங்கே போனால் பார்க்கலாம். ஆனால் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், அப்படி நடக்கவில்லை. ஊர் எல்லையையே சுற்றிச் சுற்றி வந்தவர், தீயில் இறங்கி, பூணூலும் சடைமுடியுமாக மறைமுனிவராக எழுந்த பிறகுதான் உள்ளே போகிறார். நந்தியை நகர்த்தத் தெரிந்த கடவுளுக்குத் தில்லைவாழ் அந்தணர்களின் மனசை நகர்த்தத் தெரியாதா என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதையும் இருக்கிறது. பாணர் குலம், அதனால் மதுரைக் கோயில் வாசலுக்கு வெளியே நின்று யாழ் வாசிக்கிறார். சிவன் தொண்டர்கள் கனவில் போய் அவரை உள்ளே கூட்டிவரச் சொல்கிறார். தரை ஈரம் பட்டால் யாழ் கெட்டுப்போகும், பொற்பலகை போடுங்கள் என்றும் சொல்கிறார். இதில் தீயும் இல்லை, பூணூலும் இல்லை. பாணர் பாணராகவே உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்து பாடுகிறார். இன்னொரு இடத்தில் திருநீலநக்கர் என்ற அந்தணர் தன் வீட்டு வேள்விக் குண்டத்துக்குப் பக்கத்திலேயே பாணருக்கும் அவர் மனைவிக்கும் தங்க இடம் கொடுக்கிறார். வேதித் தீ அணையவில்லை, வலமாகச் சுழன்று எழுந்தது என்கிறார் சேக்கிழார். இரண்டு வழியும் ஒரே நூலில் இருக்கின்றன. நந்தனார் கதை ஊருக்கெல்லாம் தெரியும், பாணர் கதையை எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குத் தோதானதைத்தான் நாம் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

பாணருக்குப் பலகை போட்ட அதே மதுரைக் கோயிலில்தான் 1939 வரை தாழ்த்தப்பட்டவர்களுக்கு வாசல் திறக்கவில்லை. அந்த வருஷம் ஜூலை 8 அன்று வக்கீல் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். கோயில் தீட்டாகிவிட்டது என்று பட்டர்கள் பலர் பூசைக்கு வர மறுத்தார்கள். கூட்டிப்போனவர்கள் மேல் வழக்கு வராமலிருக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஐயரை அவர் சொந்தக்காரர்களே ஒதுக்கிவைத்தார்கள். கதவைச் சாத்தியவர்களும் பக்தர்கள், திறந்தவரும் பக்தர். எல்லோரும் ஒரே மீனாட்சியைக் கும்பிட்டவர்கள். ஆகவே பக்தர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வைத்தியநாத ஐயரை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

அது பழைய கதை என்றும் தள்ளிவிட முடியாது. 2023இல் விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வரக்கூடாது என்று தகராறாகி, அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். (கிறிஸ்தவத்துக்குப் போனாலும் இது விடவில்லை. வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து நடுவில் சுவர் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள்.)

கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதென்றால், கைக்காசு கரையாத இடத்தில், ஊர் முகம் சுளிக்காத இடத்தில் நாங்கள் நன்றாகவே மதத்தின்படி வாழ்கிறோம். பிரதோஷ விரதம் இருப்போம், கார்த்திகை சோமவாரத்துக்கு வெறும் வயிற்றோடு நிற்போம், நடந்தே மலை ஏறுவோம். உடம்பை வருத்துவதில் யாருக்கும் சுணக்கம் இல்லை. சம்பந்தம், சொந்தபந்தம், வீடு வாசல் என்று வரும்போது நின்றுவிடுகிறோம். நானும் அப்படி நின்றவன்தான்.

இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். போன வருஷம் மாடி போர்ஷன் காலியானது. புரோக்கர் ஒருவரை அனுப்பினார். நிதானமாகப் பேசினார், வாடகையில் பேரம்கூடப் பேசவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஊர்ல எந்தத் தெரு?" என்று என் வாய் கேட்டுவிட்டது. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "காலனித் தெருங்க" என்றார். சரி, வீட்டில் கேட்டுட்டுச் சொல்றேன் என்று அனுப்பிவிட்டேன்.

உள்ளே வந்ததும் என் மனைவி, "என்கிட்ட கேக்க என்ன இருக்கு? வீடு உங்க பேர்லதானே இருக்கு?" என்றாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ராத்திரி பதிகம் பாட உட்கார்ந்தேன். அந்தத் திருத்தாண்டகத்தில் "அவர்கண்டீர்" வரை வந்தேன், அதற்கு மேல் பாட வரவில்லை.

மூன்றாம் நாள் புரோக்கருக்குப் போன் செய்தேன். அவர் வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்றார். நம்பர் வாங்கி அவரிடமே பேசினேன். அன்றைக்கு நான் கேட்டது தப்பு, மன்னிக்கணும் என்றேன். "இருக்கட்டும் சார், டியூட்டில இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.