1,037 புகார்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் பதினான்கு பெண்கள். நடைபாதை, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பறை என்று இரண்டு வருடமாக மாநகராட்சிக்கு அலைகிறோம். போகும்போதெல்லாம் மரியாதையாக உட்காரவைத்து, "நீங்கள் செய்வது பெரிய சேவை" என்கிறார்கள். பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். ஆனால் போக்குவரத்துத் திட்டத்தின் வரைவு வந்தபோது நாங்கள் சொன்னது ஒரு வரிகூட அதில் இல்லை. "உனக்கெதற்கு இந்த வேலை" என்று வீட்டில் கேட்கிறார்கள். முகநூலில் எழுதினால்தான் நடக்கும் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். கட்சியில் சேரலாம் என்று சிலர். நான் சாதாரண இல்லத்தரசி, எனக்கு அரசியல் தெரியாது. கட்சியில் சேர்வதா, வெளியே இருந்தே பேசுவதா? நீங்கள் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

என் அத்தையின் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். "சாதாரண இல்லத்தரசி, எனக்கு அரசியல் தெரியாது" என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். எந்தத் திருப்பத்தில் குழந்தையின் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் ஏழு மணிக்கு மேல் தனியாக நிற்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். வரைவை எழுதியவர்களில் பலருக்கு அது தெரியாது. அதுதான் நகர அரசியல். அப்புறம் இந்தச் "சேவை" என்ற சொல். அதை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள். சேவை செய்தவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உங்களை எந்தப் பக்கம் உட்காரவைக்கிறார்கள் என்று பாருங்கள்.

வீட்டில் கேட்பதை விடுங்கள். கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். முகநூலில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இங்கே நான் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். "நிறைய விளக்குகள்" எரியவில்லை, "பல இடங்களில்" நடைபாதை இல்லை, "அடிக்கடி" பேருந்து வருவதில்லை. பதினான்கு பேர் என்பதையும் இரண்டு வருடம் என்பதையும் தவிர நான்கு பக்கத்தில் ஒரு எண் இல்லை, ம. இரண்டு வருட அலைச்சலில் எழுதிவைத்தது என்ன?

சிகாகோவில் ஏழைகளுக்கு உதவ 1889இல் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 19ஆவது வார்டு, புதிதாகக் குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. குப்பை வாரப்படவில்லை, சாவு அதிகம். அந்த இல்லத்தின் பெண்கள் மன்றத்தைச் சேர்ந்தவர்கள் வீட்டுவேலை முடித்து, கோடை மாலைகளில் சந்து சந்தாகப் போய்ப் பார்த்து எழுதினார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டே மாதத்தில் சுகாதாரத் துறைக்குப் போன விதிமீறல் புகார்கள் 1,037. ஒவ்வொன்றும் நேரில் பார்த்தது. மூன்று ஆய்வாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாற்றப்பட்டார்கள். அப்படியும் சாவு எண்ணிக்கை இறங்கவில்லை. குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கு ஆடம்ஸே விண்ணப்பித்தார். ஏதோ ஒரு விதியைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். ஆனால் 1895இல் மேயர் அவரையே அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமிக்க வேண்டிவந்தது. சம்பளத்தோடு. காலை ஆறு மணிக்கு வண்டிகளின் பின்னால் போனார். ஒரு குறுகிய தெருவில் குப்பையை வாரிக்கொண்டே போனபோது பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய சாலை இருந்தது. சாவு விகிதத்தில் நகரத்தின் மூன்றாவது இடத்திலிருந்த வார்டு ஏழாவது இடத்துக்கு இறங்கியது. அந்தப் பெண்களுக்கு அப்போது நகரத் தேர்தலில் ஓட்டு கிடையாது. 1913இல்தான் வந்தது.

இந்தக் கதையின் பின்பாதிதான் உங்களுக்கு முக்கியம். வார்டு சுத்தமானது அந்தப் பகுதியின் கவுன்சிலருக்குப் பிடிக்கவில்லை. மாமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். குப்பை வாருவதையும் தெரு பழுதுபார்ப்பதையும் சேர்த்து ஒரே பதவியாக்கினார்கள். அதற்கான தேர்வை ஆண்கள் மட்டுமே எழுதலாம். அவ்வளவுதான், பெண்கள் வெளியே. அரசுப் பணித் தேர்வு என்ற முறை இருக்கிறது, இனி அந்தப் பதவியை யாரும் தொட முடியாது என்று நம்பியிருந்ததாக ஆடம்ஸே எழுதியிருக்கிறார். தெருவைக் கண்கொட்டாமல் பார்த்தவர்களை மாமன்றத்தில் எழுதப்பட்ட ஒரு தாள் தோற்கடித்தது. உங்களுக்கு நடந்ததும் இதுதானே? நீங்கள் விளக்குக் கம்பத்தடியில் நின்றீர்கள், வரைவு வேறு அறையில் எழுதப்பட்டது.

எண்ணுவதன் பலன் வியன்னாவிலும் தெரிந்தது. பூங்காவுக்கு யார் வருகிறார்கள் என்று 1990களில் எண்ணினார்கள். ஒன்பது பத்து வயதுக்கு மேல் சிறுமிகள் வருவது குறைந்துபோனது அப்போதுதான் தெரிந்தது. பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள், சிறுமிகள் திரும்பி வந்தார்கள். எண்ணாமல் இருந்திருந்தால், அவர்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

சரி, அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயது. இருட்டியதும் நோட்டை என் கையில் கொடுத்து அழைத்துப் போவார். அணைந்த விளக்கைக் கண்டால் கம்பத்தின் எண்ணை அவர் வாசிப்பார், நான் எழுதுவேன். எண் அழிந்திருந்தால் எந்த வீட்டுக்கு எதிரே என்று எழுத வேண்டும். "சுமாரா அந்தப் பக்கம்" என்று நான் ஒருமுறை எழுதியதற்கு, அந்தத் தெருவை மறுபடி முழுக்க நடக்கவைத்தார். கால் வலித்து அழுதேன். என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார், எண்ணுவதை நிறுத்தவில்லை.

அலுவலகத்தில் "எல்லாம் எரிகிறதேம்மா" என்றார் அதிகாரி. அத்தை நோட்டைப் பிரித்து முதல் எண்ணை வாசித்தார். இரண்டாவதை வாசித்தார். நான்காவது பக்கம் திருப்பும்போது அதிகாரி பொறியாளரைக் கூப்பிட்டார்.

பிறகு அத்தையை ஓர் ஆலோசனைக் குழுவில் போட்டார்கள். கூட்டக் குறிப்பு வந்தபோது அவர் பேசியது எதுவும் அதில் இல்லை. உங்களைப் போலவே வீட்டுக்கு வந்து அழுதார். நான் பார்த்தேன். அடுத்த கூட்டத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்த மறுநாள் காலை ஒரு கடிதம்: "நேற்றைய கூட்டத்தில் நான் சொன்னவை இவை, தாங்கள் தந்த பதில் இது, தவறிருந்தால் தெரிவிக்கவும்." இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். முத்திரை வைக்கிறவர் சாப்பிடப் போயிருந்தால் காத்திருப்பார். அப்படி முத்திரை வாங்கிய 61 கடிதங்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. புது விளக்குகளுக்கு ஒதுக்கீடு செய்த தீர்மானத்தில் இருந்த தெருப்பெயர்களின் வரிசை, அத்தையின் கடிதத்தில் இருந்த அதே வரிசை.

உங்களில் ஒருவர் தெருவுக்குப் போக வேண்டாம், ம. அவருடைய வேலை மாமன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலை வாங்கிப் படிப்பது. எந்தத் தீர்மானம், எந்தத் தலைப்பில் எவ்வளவு பணம், யார் முன்மொழிகிறார் என்று பார்ப்பது. சலிப்பான வேலை, கைதட்டல் கிடையாது, படம் எடுக்க ஒன்றும் இருக்காது. பதினான்கு பேரில் பொறுமை அதிகமுள்ளவரிடம் கொடுங்கள். அவர் உங்கள் கூட்டங்களில் டீ போடக் கூடாது.

கட்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நோட்டு கையில் இருக்கட்டும்.

வரைவு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதி எது என்று எழுதவில்லை. அதைப் பார்த்து இன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.