பழைய சொகுசு செடான் நீண்ட காலம் உழைக்குமா? லெக்சஸ் எல்எஸ் 400 உரிமையாளர்களின் அனுபவம் என்ன?

நீண்டகால நம்பகத்தன்மை என்றால் கார் பழுதே ஆகாது என்று பொருள் இல்லை. வயதான பிறகும் நடுவழியில் கைவிடாமல், முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய செலவில் ஓடுவதுதான் அது.

1989-ல் வந்த லெக்சஸ் எல்எஸ் 400 இதற்கு அருமையான உதாரணம். அதன் 4 லிட்டர் வி8 எஞ்சினை உரிமையாளர்கள் குறை சொல்வது அபூர்வம். 1996 மாடல் கார் ஒன்று 2019-ல் 10 லட்சம் மைலைத் தொட்டது. அதாவது சுமார் 16 லட்சம் கிலோமீட்டர்! சரி, அப்புறம் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள்? பெரும்பாலும் ரப்பரையும் மின்னணுப் பாகங்களையும். பவர் ஸ்டீயரிங் பம்ப் கசியும். பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர் அதற்குக் கீழே இருப்பதால், எண்ணெய் சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழுந்து அதையும் கெடுத்துவிடும். டேஷ்போர்டில் ஒளிரும் முள்கள் மங்கிப்போகும்.

இரும்பு ஓட்டத்தால் தேயும். ரப்பர் காலத்தால் கெடும். இழுப்பறையில் பல வருஷம் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்துப் பாருங்கள். ஒருமுறைகூடப் பயன்படுத்தாததாக இருந்தாலும் பட்டென்று அறுந்துவிடும். அதனால் நான் கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் ரசீதுகளைத்தான் கேட்பேன், முக்கியமாக எஞ்சினின் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டை மாற்றிய ரசீதை.

குறைவாக ஓடிய பழைய கார்தான் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் நின்றே கிடந்த காரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்துபோய், ஓட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பிக்கலாம்.